மந்திரவாதி, கோடாங்கி, சாமியாடி, சித்தர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டார் தெய்வங்களைப் பற்றி எங்கே பேசப் போனாலும், பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் என்னிடம் வந்து கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் இவைதாம். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைக் குறித்து வைத்திருந்தேன்; அவற்றுக்கு நிதானமாக எழுதிய பதில்கள் இங்கே உள்ளன. இந்தச் சக்திகள் மெய்யா பொய்யா என்ற வழக்கை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மக்கள் யாரை எந்தப் பெயரால் அழைத்தார்கள், ஏன் அப்படி அழைத்தார்கள் என்பதே இங்கு விஷயம்.

மந்திரவாதி, கோடாங்கி, சாமியாடி எல்லாம் ஒரே ஆள்தானே? ஊருக்கு ஊர் பேர்தானே மாறுது?

இல்லை. மூவருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு தொடர்பு உண்டு என்று மக்கள் நம்புகிறார்கள்; அந்தத் தொடர்பின் தன்மைதான் ஆளுக்கு ஆள் வேறு. சாமியாடியின் மேல் தெய்வம் தானாக இறங்குகிறது. இறங்கிய நேரத்தில் பேசுவது அவர் அல்லர், தெய்வம். மந்திரவாதியோ ஒரு தேவதையை உபாசித்து, மந்திரத்தை ஆயிரக்கணக்கில் உருவேற்றி, அதைத் தன் சொல்லுக்குக் கட்டுப்படச் செய்ததாகச் சொல்பவர். கோடாங்கி இருவருக்கும் நடுவில் நிற்கிறார். உடுக்கையை அடித்து வந்திருப்பது யார் என்று கண்டறிந்து, அதனோடு பேரம் பேசுகிறார்.

ஆகவே நல்லவரா கெட்டவரா என்று முதலில் கேட்பதைவிட, அந்தச் சக்தி அவருக்கு எங்கிருந்து வந்ததாக ஊர் சொல்கிறது, அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்ற இரண்டையும் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கீழே வரும் பதில்களில் இந்த இரண்டு கேள்விகளுக்கே நான் திரும்பத் திரும்ப வருவேன்.

எங்க ஊர்ல சாமியாடியும் உடுக்கைச் சத்தத்துக்குத்தான் ஆடுறார், கோடாங்கியும் உடுக்கைதான் வச்சிருக்கார். அப்புறம் என்ன வித்தியாசம்?

உடுக்கை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். சாமியாடிக்கு வேறொருவர் பம்பையோ உடுக்கையோ அடிக்கிறார், அல்லது தென் மாவட்டங்களில் வில்லுப்பாட்டுக்காரர் கதையைப் பாடுகிறார்; கதை உச்சத்தை எட்டும்போது அருள் வருகிறது. கோடாங்கி தானே அடித்துக்கொள்கிறார். ‘கோடாங்கி’ என்ற சொல்லுக்கே உடுக்கை என்றும், அதை அடித்துக் குறி சொல்பவர் என்றும் இரு பொருள் உண்டு.

சாமியாடுதல் பெரும்பாலும் குலதெய்வக் கோயிலோடு பிணைந்த, ஒரு வகையறாவுக்குள் வழிவழியாக வரும் உரிமை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கோமரத்தாடி என்பார்கள். காப்புக் கட்டி, விரதம் இருந்து, கோயில் திருவிழாவான கொடையன்று ஆடித் திருநீறு கொடுப்பார். சுடலைமாடன் கோயிலாக இருந்தால் நள்ளிரவில் சுடுகாட்டுக்கு வேட்டைக்கும் போய் வருவார். மறுநாள் காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார். அவர் பதில் சொல்ல வேண்டியது கோயிலுக்கும் ஊருக்கும். கோடாங்கியைத் தேடிப் போகிறவர்கள் தனித்தனிக் குடும்பங்கள்: பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, மாடு கறக்கவில்லை, மருமகள் பித்துப் பிடித்தாற்போல உட்கார்ந்திருக்கிறாள் என்று வெற்றிலை பாக்கோடு காணிக்கை வைத்துக் கேட்பவர்கள். ‘நீ யார், எங்கே பிடித்தாய், என்ன வேண்டும், எப்போது போவாய்’ என்று வரிசையாகக் கேட்டு, கடைசியில் உச்சிமுடியைக் கத்தரித்துப் புளியமரத்தில் ஆணியடிக்கும் பேயோட்டுச் சடங்கை நம்மில் பலர் சிறுவயதில் ஒளிந்திருந்து பார்த்திருப்போம். இதற்கு விதிவிலக்கும் உண்டு. கம்பளத்து நாயக்கர் சமூகத்தில் கோடாங்கி என்பது குலப் பூசாரிப் பதவி.

சங்க இலக்கியத்துல வர்ற வேலன் யார்? மந்திரவாதியா?

அல்லர். இன்றைய சாமியாடியும் கோடாங்கியும் ஒருவருக்குள்ளே இருந்தால் எப்படியோ, அப்படிப்பட்டவர் வேலன். தலைவி மெலிகிறாள், காரணம் காதல் என்று தாய்க்குத் தெரியாது, வேலனை அழைக்கிறாள். அவன் கழங்குக் காய்களை உருட்டிப் பார்த்து ‘இது முருகு அணங்கியது’, அதாவது முருகனால் வந்த நோய், என்கிறான். பிறகு முற்றத்தில் மணல் பரப்பி, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, கையில் வேல் ஏந்தி வெறியாடுகிறான். குறி பார்த்தது கோடாங்கியின் வேலை, ஆடியது சாமியாடியின் வேலை. தொல்காப்பியம் ‘வெவ்வாய் வேலன்’ என்று அவன் வாய்ச்சொல்லின் கடுமையையே அடைமொழியாக்குகிறது.

அந்தக் காலத்தில் எல்லாரும் இதைக் கைகட்டி நம்பினார்கள் என்று நினைக்க வேண்டாம். நற்றிணையின் 34ஆம் பாட்டில் தோழி முருகனைப் பார்த்தே பேசுகிறாள்: இவள் நோய் உன்னால் வந்ததன்று என்று தெரிந்தும் வேலன் அழைத்தான் என்று வெறிக்களத்துக்கு வந்து நிற்கிறாயே, நீ கடவுளே ஆனாலும் ஆகுக, அறிவில்லாதவன்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாடப்பட்ட இந்தக் கிண்டலை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விட்டதில்லை.

பெண்கள் இதில் எங்கே? கேட்டால் சூனியக்காரக் கிழவி மட்டும்தான் ஞாபகம் வருது.

அது படக்கதைகள் தந்த ஞாபகம். தமிழ் மரபில் பெண்கள் முக்கியமாகக் குறி சொல்பவர்களாகவும் அருள் வந்து ஆடுபவர்களாகவும் வருகிறார்கள். குறி சொல்பவளுக்கு அகவன்மகள் என்ற பெயர் சங்கப் பாடலிலேயே உள்ளது. ஔவையார் பாடிய குறுந்தொகையின் 23ஆம் பாட்டில் தோழி அகவன்மகளை விளித்து, தலைவனின் குன்றத்தைப் பாடிய பாட்டையே இன்னும் பாடு என்கிறாள். அந்த ஒரு சொல்லில் தலைவியின் காதல் இரகசியத்தைத் தாய்க்கு உணர்த்திவிடுகிறாள். சிலப்பதிகாரத்தில் எயினர் என்னும் வேட்டுவர் குலத்துச் சாலினி தெய்வமேறி ஆடுகிறாள். கண்ணகியைச் சுட்டி அவள் சொல்லும் புகழுரைகளைக் கேட்டுக் கண்ணகி கணவனின் பின்னால் ஒதுங்குகிறாள். பிற்காலக் குறவஞ்சி நாடகங்களின் குறத்தியும் இந்த வரிசையில் வந்தவளே. இவர்களில் ஒருத்தியும் யாருக்கும் கேடு செய்ததாக அந்த நூல்கள் சொல்லவில்லை.

குடுகுடுப்பைக்காரர், ஜோசியர்?

இருவரும் வருவதைச் சொல்பவர்கள். வருவதை மாற்றுபவர்கள் அல்லர். ஜோசியருக்குப் பஞ்சாங்கமும் கணக்கும் போதும்; அருளும் வேண்டாம், தேவதை வசமும் வேண்டாம். குடுகுடுப்பைக்காரர் ஜக்கம்மா சொன்னதாக ‘நல்ல காலம் பொறக்குது’ என்று வைகறையில் வாசலில் நின்று சொல்வார். அவர் இரவில் சுடுகாட்டுக்குப் போய் வந்தவர் என்ற நம்பிக்கையால்தான் அந்த வாக்குக்கு மதிப்பு. பரிகாரம், தாயத்து என்று இறங்கும்போது மட்டும் இவர்கள் மந்திரவாதியின் எல்லைக்குள் காலை வைக்கிறார்கள்.

கோயில்ல குருக்கள் சொல்றதும் மந்திரம், மந்திரவாதி சொல்றதும் மந்திரம். இரண்டும் எப்படி வேறாகும்?

சொல் ஒன்றுதான். ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம்’ என்பது தொல்காப்பியச் செய்யுளியல் தரும் இலக்கணம். நிறைவுள்ளவர் சொன்னது அப்படியே நடக்கும் என்பதே அதன் உட்கிடை. இதில் வெள்ளை, கறுப்பு என்ற பிரிவு எதுவும் கிடையாது. குருக்கள் பொதுவாகச் சொல்வது வேண்டுதல். மந்திரவாதி சொல்வதாக நம்பப்படுவது கட்டளை. அதோடு குருக்களின் மந்திரம் ஆகமப்படி நாள்தோறும் பலர் முன்னிலையில் நடப்பது. மந்திரவாதியுடையது ஒருவருக்காக, மறைவாக, காரியம் ஒன்றைக் குறித்துச் செய்யப்படுவது.

அந்தக் காரியங்களைத் தமிழ் மாந்திரீக ஏடுகள் எட்டாகப் பிரித்து அட்டகருமம் என்கின்றன: வசியம் (வசப்படுத்தல்), மோகனம் (மயக்கல்), தம்பனம் (அசையாமல் நிறுத்தல்), உச்சாடனம் (விரட்டல்), ஆகருடணம் (இழுத்து வருவித்தல்), வித்துவேடணம் (பகை மூட்டல்), பேதனம் (பிரித்தல்), மாரணம் (கொல்லல்). வடமொழித் தந்திர நூல்களில் ஆறு என்ற கணக்குப் பரவலானது. அந்த ஆறில் முதலாவதாக ‘சாந்தி’ என்று நோய் தணிக்கும் கருமம் இருக்கிறது. செப்புத் தகட்டில் எந்திரம் கீறுவது, தாயத்து அடைப்பது, வெற்றிலையில் மை தடவிக் களவுபோனதைப் பார்ப்பது ஆகியவை அவர் கைக்கருவிகள்.

பில்லி, சூனியம், ஏவல், செய்வினை என்று நாலையும் சேர்த்தே சொல்றாங்களே, நாலும் ஒன்றா?

பேச்சில் ஒன்றாகிவிட்டன. தொழில் தெரிந்தவர்கள் பிரிப்பார்கள், ஆனால் வட்டாரத்துக்கு வட்டாரம் அந்தப் பிரிவு மாறும். பொதுவாகச் செய்வினை என்பது ஒரு பொருளைக் கொண்டு செய்து வைப்பது: மாவில் பிடித்த பாவை, எலுமிச்சை, தகடு ஆகியவற்றோடு எதிராளியின் தலைமுடியையோ காலடி மண்ணையோ சேர்த்துப் புதைப்பது. ஏவல் என்பது ஓர் ஆவியையோ தேவதையையோ ஒருவர்மேல் அனுப்பிவிடுவது. சூனியமும் பில்லியும் இவை அனைத்துக்கும் பொதுப்பெயராகவே வழங்குகின்றன.

பாவை ஆளைப் போல இருக்கிறது, முடி ஆளிடமிருந்து வந்தது. ஒத்திருப்பது ஒத்ததைப் பாதிக்கும், ஒருமுறை ஒட்டியிருந்தது எப்போதும் ஒட்டியிருக்கும் என்ற இந்த இரண்டு எண்ணங்களையும் உலகெங்கும் உள்ள மாந்திரீகத்தின் அடிப்படையாக 1890இல் மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபிரேசர் எழுதினார். நம் கிராமத்துப் பாட்டிகள் சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக் கண்ட இடத்தில் போடாதே என்று அதட்டியது இதே தருக்கத்தில்தான்.

கண் திருஷ்டியும் சூனியத்தில் சேர்த்திதானா?

சேராது. இந்தக் கேள்வி எளிமையாகத் தோன்றினாலும் இந்தப் பக்கத்தின் மையமே இதுதான். செய்வினைக்கு எண்ணம் வேண்டும், பொருள் வேண்டும், கற்ற ஆள் வேண்டும். திருஷ்டிக்கு எதுவும் வேண்டாம். அன்போடு ‘குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதே’ என்று சொன்ன அத்தையின் கண்ணே பட்டுவிடலாம். அவர் கெட்டவர் அல்லர். அவருக்கே அது தெரியாது. அதனால்தான் திருஷ்டிக்கு எதிராளியைத் தேடுவதில்லை. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு, நெடி வருகிறதா என்று பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது.

ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் எவான்ஸ்-பிரிட்சர்ட் 1937இல் வெளியிட்ட நூலில் இதே வேறுபாட்டைச் சுட்டினார். அவர்களிடம் ‘மங்கு’ என்பது சிலர் வயிற்றுக்குள் பிறப்பிலேயே இருக்கும் ஒரு பொருள்; உடையவருக்குத் தெரியாமலேயே பிறரைத் தாக்கும். மருந்தும் மந்திரமும் கொண்டு வேண்டுமென்றே செய்யும் கேடு அவர்களுக்கு வேறொன்று. ஆங்கிலத்தில் விட்ச்கிராஃப்ட், சார்சரி என்று மானிடவியல் நூல்கள் பிரிப்பது இந்த அடிப்படையில்தான். இரண்டையும் சூனியம் என்றே தமிழாக்கம் செய்தால் நூல் முழுவதும் புரியாமல் போகும்.

சரி, அப்போ சூனியக்காரர் என்று உண்மையில் யாரைத்தான் சொல்றது?

தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொண்ட ஒருவரை நான் சந்தித்ததில்லை. கோடாங்கி தன்னைக் கோடாங்கி என்பார். மந்திரவாதி பெயர்ப்பலகையே வைத்திருப்பார். அந்தப் பலகையிலும் ‘சூனியம் எடுக்கப்படும்’ என்றிருக்குமே தவிர ‘வைக்கப்படும்’ என்று இராது. சூனியக்காரர் என்பது தொழிற்பெயர் அன்று, குற்றச்சாட்டு. எடுப்பவர் எல்லாருக்கும் வைக்கவும் தெரியும் என்ற சந்தேகம் மட்டும் எப்போதும் அவரைத் தொடர்கிறது.

இந்தக் குற்றச்சாட்டு யார்மேல் விழுகிறது என்பதில் ஊருக்கு ஊர் பெரிய வேறுபாடு உண்டு. பீகார், ஜார்க்கண்ட் பகுதிகளில் ‘டாயன்’ என்று குறிப்பாகப் பெண்களையே, அதிலும் கைம்பெண்களையும் நிலம் உடைய தனித்த பெண்களையும், முத்திரை குத்தி அடித்தும் கொன்றும் இருக்கிறார்கள்; அதைத் தடுக்க 1999இல் பீகாரும் 2001இல் ஜார்க்கண்டும் தனிச் சட்டம் கொண்டுவந்தன.

ஆங்கிலப் படத்துல வர்ற விட்ச், விசார்ட் இவங்களை எல்லாம் எதோடு ஒப்பிடலாம்?

விட்ச் என்பதை முந்தைய பதிலில் சொன்ன சூனியக்காரியோடு ஒப்பிடலாம், அதுவும் பாதிதான். ஐரோப்பாவில் ஏறக்குறைய 1450 முதல் 1750 வரை நடந்த வேட்டைகளில் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள், ஆனால் ஐஸ்லாந்தில் பெரும்பாலோர் ஆண்கள். எல்லாரையும் எரித்தார்கள் என்பதும் தவறு. இங்கிலாந்தில் தூக்கிலிடுவதே வழக்கம், 1692இல் அமெரிக்காவின் சேலத்திலும் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்கள்மேல் சுமத்தப்பட்டது பயிரைக் கெடுத்தது, பிள்ளையைக் கொன்றது என்பதோடு நிற்கவில்லை, சாத்தானோடு உடன்படிக்கை செய்தது என்பதும் சேர்ந்தது. கடவுளுக்கு நேர் எதிரியான ஒருவன் என்ற கருத்தே நம் நாட்டார் மரபில் இல்லாததால் இந்தப் பகுதிக்கு இங்கே இணை கிடையாது.

நம் கோடாங்கிக்கு நெருங்கியவர்கள் வேறு. இங்கிலாந்தின் கிராமங்களில் ‘கன்னிங் ஃபோக்’, அதாவது விவரம் தெரிந்தவர்கள், என்று அழைக்கப்பட்டவர்கள் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்தார்கள், மருந்து கொடுத்தார்கள், சூனியம் எடுத்தார்கள். விசார்ட் என்ற சொல்லும் அறிவுடையவன் என்ற வேரிலிருந்து வந்து, ஒரு காலத்தில் இவர்களையே குறித்தது. நீண்ட தாடியும் கூம்புத் தொப்பியும் கதைகள் கொடுத்தவை.

ஷாமன் என்ற சொல் நம்ம ‘சாமி’யிலிருந்து வந்ததா?

இல்லை. சைபீரியாவின் எவென்கி மக்களுடைய மொழியிலிருந்து ரஷ்ய மொழி வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல் அது. நம் ‘சாமி’ வடமொழி ‘சுவாமி’யின் தமிழ் வடிவம். அந்த எவென்கிச் சொல்லுக்கே மூலம் துறவிகளைக் குறிக்கும் ‘சிரமணர்’ என்ற இந்தியச் சொல் என்று ஒரு பழைய வாதம் உண்டு. அதைப் பலர் ஏற்பதில்லை. பொருளிலும் வேறுபாடு உண்டு: ஷாமனின் உயிர் உடலை விட்டு ஆவியுலகத்துக்குப் பயணம் போய்த் திரும்புகிறது, சாமியாடியிடம் சாமி வருகிறது. போகிறவரையும் வரவேற்பவரையும் ஒரே பெயரால் அழைப்பதை எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்வதில்லை.

சித்தர்கள் மந்திரவாதிகள்தானே? கூடுவிட்டுக் கூடு பாய்ந்தார்கள், பொன் செய்தார்கள் என்கிறார்களே?

முதல் பதிலின் கேள்வியையே கேளுங்கள்: சக்தி எங்கிருந்து? மந்திரவாதிக்குத் தேவதையிடமிருந்து, சித்தருக்குத் தம் உடலையும் மூச்சையும் பழக்கியதிலிருந்து. அணுவாகச் சுருங்கும் அணிமா முதலிய எட்டுச் சித்திகள் யோகத்தின் பாதையில் தாமாகக் கிடைப்பவை. அவற்றிலேயே நின்றுவிடுவது வழி தவறியதாகும். தாயுமானவர் ஒரு பாட்டில் மதயானையை வசமாக நடத்தலாம், கரடி, புலியின் வாயைக் கட்டலாம், நீர்மேல் நடக்கலாம் என்று சித்துகளின் பெருமைகளை எல்லாம் அடுக்கிவிட்டு, ‘சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது’ என்று முடிக்கிறார். சிவவாக்கியரோ நட்ட கல்லைச் சுற்றி மொணமொணென்று மந்திரம் சொல்வதையே கேலி செய்தவர்.

பிறகு ஏன் இந்தக் குழப்பம்? வசியம், மாரணம் சொல்லும் மாந்திரீக நூல்கள் பலவும் அகத்தியர் போன்ற சித்தர்களின் பெயரைத் தாங்கி அச்சில் வந்திருப்பதே பெரிய காரணம். பெயர் இருப்பதால் அவர் எழுதியதாகாது.

மாந்திரீகம் என்றால் ஏன் எல்லோரும் மலையாளத்தையே சொல்றாங்க?

கேரளத்தில் மாந்திரீகத்துக்குப் பெயர்பெற்ற பரம்பரைக் குடும்பங்களும், குட்டிச்சாத்தான், உருமாறித் தாக்கும் ஒடியன் பற்றிய வளமான கதைகளும் இருந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரியது, அடுத்த ஊர்க்காரரின் சடங்கு நமக்கு மாந்திரீகமாகத் தெரிவது என்ற உலகப் பொதுப் பழக்கம். ‘மேஜிக்’ என்ற சொல்லே அப்படிப் பிறந்ததுதான்: பாரசீகத்தின் ‘மகு’ என்னும் புரோகிதர்கள் தம் ஊரில் வழிபாடு நடத்தினார்கள், கிரேக்கர்கள் அதை மாயம் என்றார்கள்.

இலங்கையில் இதற்கு அழகான எடுத்துக்காட்டு இருக்கிறது. மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் சொல்வதுண்டு. உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் போன ஆண்கள் அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்டார்கள்; தாய்வழிக் குடிமுறை நிலவிய அங்கு வீடும் வளவும் பெண்ணுக்குச் சேர்வதால் மாப்பிள்ளை பெண்வீட்டோடு இருப்பது இயல்பு. மகன் திரும்பி வராததற்குத் தாய்க்குக் கிடைத்த விளக்கம் வசியம்.

மேடையில் மேஜிக் செய்பவர், தெருவில் வரும் மோடி மஸ்தான்?

மேடைக்காரர் தம் சக்தி கையில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்பவர். ஆகவே இந்த வரிசையில் மிக நேர்மையானவர் அவரே. கிண்ணங்களுக்குள் பந்தை மறைக்கும் செப்பிடு வித்தை நம் ஊரின் பழைய கலை. ‘ராமோ சாமி’ என்று ஆங்கிலேயர் எழுதிய சென்னை வித்தைக்காரர் 1810களிலேயே லண்டனில் அதைச் செய்து புகழ்பெற்று, 1850இல் அங்கேயே இறந்தார். மோடி மஸ்தான் அப்படி ஒப்புக்கொள்வதில்லை. கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்துத் தாயத்து விற்பார். அந்தச் சண்டையை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

பேய் பிடித்தது என்று சொல்பவரைக் கோடாங்கியிடம் கூட்டிப்போகலாமா?

முதலில் மருத்துவரிடம். தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கூட்டிவரும் ஏர்வாடியில் 6.8.2001 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. தாயத்தாலும் மந்திரத்தாலும் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே குற்றம். மாலையில் பள்ளிவாசல் வாசலில் நின்று ஓதிய தண்ணீரை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுப்பதையோ, கோயில் திருநீற்றையோ யாரும் தடுக்கவில்லை; மருந்தை நிறுத்தச் சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

எங்க தாத்தா கொடையில சாமியாடுவார், பாம்புக்கடிக்குப் பார்வை பார்ப்பார், மை போட்டும் சொல்வாராம். குடும்ப வரலாறு எழுதுறேன். அவரை என்னன்னு எழுதுறது?

ஒரே பெயரில் அடைக்க வேண்டாம். வேலனைப் பற்றிய பதிலில் பார்த்தது போல, ஒருவரே பல வேலை செய்வது பழைய வழக்கம்; மேலே நான் சொன்ன பிரிவுகள் வேலைகளுக்கானவை, ஆட்களுக்கானவை அல்ல. கொடையன்று அவர் சாமியாடி. கடிபட்டவர் வந்தபோது விஷவைத்தியர். அங்கே வேரும் பச்சிலையும் என்ன கொடுத்தார் என்பதைக் கேட்டு எழுதுங்கள். மை போட்ட அன்று மந்திரவாதி. எதற்குக் காசு வாங்கினார், எதற்கு வாங்கவில்லை என்று விசாரியுங்கள். ஊர் எந்த வேலையை எப்படி மதித்தது என்பது அதில் தெரிந்துவிடும். உறவினர் சொன்ன பெயரோடு, அவரோடு பகையாக இருந்த வீட்டார் அவரை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதையும் கேட்டுப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.